ஒரே எண், மூன்று வயது: பள்ளிக் குழந்தைகளின் உடல் பருமனை அளந்து அறிவது எப்படி?

"எங்கள் பள்ளியில் ஆண்டுக்கு ஒருமுறை எல்லாக் குழந்தைகளின் உயரத்தையும் எடையையும் எடுத்துப் பதிவேட்டில் எழுதி வைக்கிறோம். அதை வைத்து யாருக்கு அதிக எடை, யாருக்கு உடல் பருமன் என்று சொல்லிவிட முடியுமா? பி.எம்.ஐ. ஒன்றே போதுமா, வயிற்றுச் சுற்றளவு, தோல்மடிப்பு போன்ற வேறு அளவுகளும் வேண்டுமா?" என்று உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

உயரமும் எடையும் ஒழுங்காக எடுக்கப்பட்டு, குழந்தையின் வயதும் துல்லியமாகத் தெரிந்தால், எந்தக் குழந்தையை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்ய அதுவே பெரும்பாலும் போதும். எந்தக் குழந்தைக்கு நோய் இருக்கிறது என்று முடிவு கட்ட எந்த ஒற்றை அளவும் போதாது. பள்ளிகளில் குழந்தைகளை அளப்பவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் பல ஆண்டுகளாக என் வேலை. கணக்கில் தவறு செய்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. உயரம் எடுக்கும் பலகையின் அடியில் தவறு செய்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் இந்தப் பதிலில் அந்தப் பலகையின் அருகில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

முதலில் பி.எம்.ஐ., அதாவது உடல் நிறைக் குறியீட்டெண். கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் எண் அது. 1830களில் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ப் கெட்லே, வளர்ந்த மனிதர்களின் எடை ஏறத்தாழ உயரத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடுகிறது என்று கண்டார். சராசரி மனிதனின் அளவுகளைத் தேடிக்கொண்டிருந்தவருக்குக் கிடைத்த விகிதம் அது. உடல் பருமனைப் பற்றி அவர் யோசிக்கவில்லை. 1972இல் அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ் அதற்கு இன்றைய பெயரைச் சூட்டி, உடலில் உள்ள கொழுப்பை மறைமுகமாகக் காட்டும் எளிய குறியீடாக முன்வைத்தார். பெரியவர்களுக்கு 25இல் தொடங்கினால் அதிக எடை, 30இல் தொடங்கினால் உடல் பருமன் என்பது இன்று பலருக்கும் மனப்பாடம்.

சிக்கல் இந்த மனப்பாடத்தில்தான் தொடங்குகிறது. 25, 30 என்ற எல்லைகளை அப்படியே ஆறாம் வகுப்புப் பதிவேட்டில் பொருத்திப் பார்த்துவிட்டு, "எங்கள் பள்ளியில் பருமனான குழந்தைகள் இரண்டே பேர்" என்று நிம்மதியடைந்த பள்ளிகளை எனக்குத் தெரியும். குழந்தைக்கு நிலையான எல்லை கிடையாது. 20 என்ற ஒரே எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 15 வயதுப் பையனுக்கு அது நடுவில் இருக்கும் எண். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் அந்த வயதின் நடுமதிப்பு 19.8. அதே 20, சரியாக 10 வயதுப் பையனுக்கு இருந்தால் அவன் அதிக எடை வரம்புக்குள் வந்துவிடுகிறான். அங்கே எல்லை 18.5. ஆறு வயதுப் பையனுக்கு இருந்தால் அது உடல் பருமன். எண் மாறவில்லை, வயது மாறியதும் அதன் பொருள் முழுக்க மாறிவிட்டது.

காரணம் குழந்தை வளரும் விதம். பிறந்த முதல் ஆண்டில் குழந்தை சதைபோட்டுக் கொழுகொழுவென்று ஆகிறது, பி.எம்.ஐ. ஏறுகிறது. நடக்க, ஓடத் தொடங்கியதும் உயரம் முந்திக்கொள்ள, அந்த எண் மெல்ல இறங்குகிறது. ஐந்து அல்லது ஆறு வயதை ஒட்டி மிகக் குறைந்த புள்ளியைத் தொட்டுவிட்டு, பிறகு வளரிளம் பருவம் முடியும்வரை ஏறிக்கொண்டே போகிறது. அந்தத் திருப்பத்துக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. ஐந்து ஆறு வயதில் திரும்ப வேண்டிய கோடு மூன்று நான்கு வயதிலேயே மேல்நோக்கித் திரும்பிவிட்டால், பின்னாளில் உடல் பருமன் வரும் வாய்ப்பு அதிகம் என்பது 1984இலிருந்தே ஆய்வாளர்கள் சொல்லிவரும் செய்தி. ஒன்றாம் வகுப்பில் சேரும்போது எடுக்கும் உயரமும் எடையும் வெறும் சேர்க்கைச் சடங்கு என்று நினைப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே ஒவ்வொரு குழந்தையின் எண்ணையும் அதே வயதும் அதே பாலினமும் கொண்ட குழந்தைகளின் அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். உலகில் மூன்று அட்டவணைகள் பரவலாகப் புழங்குகின்றன. ஒன்று, உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்டது. 5 முதல் 19 வயது வரைக்குமானது. நடுமதிப்பிலிருந்து ஒரு திட்டவிலக்கத்துக்கு (குழந்தைகளின் எண்கள் நடுவிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகுகின்றன என்பதன் அளவு) மேல் போனால் அதிக எடை, இரண்டுக்கு மேல் போனால் உடல் பருமன். இரண்டாவது, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2000இல் வெளியிட்டது. நூறு குழந்தைகளை பி.எம்.ஐ. வரிசையில் நிறுத்தினால் 85ஆவது இடத்திலிருந்து அதிக எடை, 95ஆவது இடத்திலிருந்து உடல் பருமன் என்பது அதன் கணக்கு. மூன்றாவது, சர்வதேச உடல் பருமன் பணிக்குழுவினுடையது, அதுவும் 2000இல் வந்தது. பிரேசில், பிரிட்டன், ஹாங்காங், நெதர்லாந்து, சிங்கப்பூர், அமெரிக்கா ஆகிய ஆறு இடங்களின் தரவுகளைச் சேர்த்து, 18 வயதில் 25ஐயும் 30ஐயும் தொடும் கோடுகளைப் பின்னோக்கி வரைந்து எல்லைகள் வகுத்தார்கள்.

மூன்றும் ஒரே குழந்தையைப் பற்றி ஒரே தீர்ப்பைச் சொல்லும் என்று எதிர்பார்க்காதீர்கள். எல்லையை ஒட்டி நிற்கும் குழந்தை ஓர் அட்டவணையில் அதிக எடையாகவும் இன்னொன்றில் இயல்பாகவும் வரும். "அந்தப் பள்ளியில் 18 சதவீதம், எங்கள் பள்ளியில் 12 சதவீதம்" என்று ஒப்பிடுவதற்கு முன் இரண்டு பள்ளிகளும் ஒரே அட்டவணையைப் பயன்படுத்தினவா என்று கேளுங்கள். தேசிய அளவில் உங்கள் நாட்டுக்கென்று அட்டவணை இருந்தால் அதையே பின்பற்றலாம், இல்லாவிட்டால் உலக சுகாதார நிறுவனத்தின் 2007 அட்டவணை போதும் என்பது என் கருத்து. எதை எடுத்தாலும் ஆண்டுக்கு ஆண்டு மாற்றாதீர்கள்.

இங்கே அடிக்கடி வரும் ஒரு சந்தேகத்தையும் தீர்த்துவிடுகிறேன். 95ஆவது இடத்துக்கு மேல் என்றால் எப்போதும் 5 சதவீதக் குழந்தைகள்தானே இருக்க முடியும், அப்புறம் எப்படி உடல் பருமன் பெருகுகிறது என்று கேட்கிறார்கள். அந்த வரிசை இன்றைய குழந்தைகளை நிறுத்தி எடுத்ததல்ல. அமெரிக்க அட்டவணையின் பள்ளி வயதுப் பகுதி, பெரும்பாலும் 1960களிலும் 70களிலும் அளக்கப்பட்ட குழந்தைகளைக் கொண்டு வரையப்பட்டது. அந்தப் பழைய கோட்டைத்தான் இன்றைய குழந்தைகள் தாண்டுகிறார்கள். அமெரிக்காவில் இப்போது ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தை அதற்கு மேலே இருக்கிறது. உலக அளவில் 5 முதல் 19 வயதுக்குட்பட்டவர்களில் 39 கோடிக்கும் அதிகமானோர் 2022இல் அதிக எடையோடு இருந்தனர் என்றும், அவர்களில் 16 கோடிப் பேருக்கு உடல் பருமன் இருந்தது என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

இப்போது பலகைக்கு வருவோம். சரியாக 10 வயதான ஒரு பையனை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். உண்மையான உயரம் 138 சென்டிமீட்டர், எடை 36 கிலோ. 1.38ஐ அதே எண்ணால் பெருக்கினால் 1.9044; 36ஐ அதனால் வகுத்தால் 18.9. எல்லை 18.5 என்பதால் அவன் அதிக எடை வரம்பில் இருக்கிறான். அதே பையனைச் செருப்பைக் கழற்றச் சொல்லாமல் நிறுத்தியதால் உயரம் 140 என்று பதிவாகிவிட்டது என்று வையுங்கள். இப்போது எண் 18.4. அவன் இயல்பான எடையுள்ள குழந்தை ஆகிவிட்டான், பட்டியலிலிருந்து அவன் பெயர் விழுந்துவிட்டது. இரண்டு சென்டிமீட்டர் ரப்பர் செய்த வேலை அது. எடையில் அரை கிலோ தவறியிருந்தால்கூட அவன் எல்லையைத் தாண்டியே இருந்திருப்பான். உயரம் வர்க்கமாகக் கணக்கில் ஏறுவதால், அதில் நேரும் பிழையும் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. எடை இயந்திரத்துக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு, உயரத்துக்குச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கும் பள்ளிகள் முன்னுரிமையைத் தலைகீழாக வைத்திருக்கின்றன.

உயரம் எடுப்பது இப்படி. காலணியும் காலுறையும் இல்லாமல், கடினமான சமதளத் தரையில் குழந்தை நிற்க வேண்டும். குதிகால்கள் சேர்ந்து, பலகையைத் தொட்டபடி இருக்க வேண்டும். பின்புறமும் தோள்பட்டையும் பலகையில் படட்டும். ஆனால் சதைபோட்ட குழந்தையை "தலையும் முதுகும் ஒட்ட வேண்டும்" என்று பலகையோடு வைத்து அழுத்தக் கூடாது. அழுத்தினால் உடல் சாய்ந்துவிடும். அப்படிப்பட்ட குழந்தைக்குப் பின்புறம் மட்டும் பட்டு உடல் நிமிர்ந்திருந்தாலே போதும். முகம் நேராக, கண்குழியின் கீழ் ஓரமும் காதுத் துளையின் மேல் ஓரமும் தரைக்கு இணையான ஒரே கோட்டில் வர வேண்டும். அளக்கும்போது குழந்தைகள் இயல்பாகவே முகவாயைத் தூக்குவார்கள், உயரமாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை. உண்மையில் முகவாயைத் தூக்கினால் உச்சந்தலை பின்னால் சரிந்து அளவு மாறிப்போகும். உங்கள் உள்ளங்கையை மெல்ல அதன் முகவாயின் கீழே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மேல் பலகையை முடி அமுங்கும்வரை இறக்க வேண்டும். கொண்டை, உச்சிக் குடுமி, ரிப்பன், தலைப்பட்டை எல்லாம் முன்பே அவிழ்க்கப்பட்டிருக்க வேண்டும். உங்கள் கண் அளவுகோலின் மட்டத்துக்கு வரும்படி குனிந்தோ, முக்காலியில் ஏறியோ படியுங்கள். மேலிருந்தும் கீழிருந்தும் படித்தால் எண் நழுவும். மில்லிமீட்டர் வரை எழுதுங்கள்.

இரண்டு முறை அளவெடுங்கள். இரண்டாவது முறை குழந்தையைப் பலகையைவிட்டு இறக்கி மறுபடி நிறுத்த வேண்டும்; அப்படியே நிற்க வைத்து இரண்டாவது எண்ணைப் படிப்பது முதல் எண்ணைப் பார்த்து எழுதுவதற்குச் சமம். இரண்டுக்கும் அரை சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறையும் எடுக்க வேண்டும். காலையில் எழும்போது இருக்கும் உயரம் மாலைக்குள் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குறைந்துவிடும், நாள் முழுக்க நடமாடுவதால் முதுகெலும்பின் இடைத்தட்டுகள் அமுங்குவதே காரணம். எனவே ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் அளப்பது நல்லது.

எடைக்குச் சொல்ல வேண்டியது குறைவு. இயந்திரம் தரைவிரிப்பின் மேல் இருக்கக் கூடாது. ஒவ்வொரு நாளும் தொடங்கும் முன் நிறை தெரிந்த ஒரு பொருளை வைத்துச் சரிபார்க்க வேண்டும். மெல்லிய உடை, காலி சட்டைப்பை, கையில் எதுவும் இல்லை. அவ்வளவுதான்.

பழைய பதிவேடு ஒன்று கையில் கிடைத்தால் நான் முதலில் பார்ப்பது கடைசி இலக்கத்தை. ஒழுங்காக அளக்கப்பட்ட நூறு உயரங்களில் புள்ளிக்குப் பின் 0 முதல் 9 வரை எல்லா இலக்கங்களும் ஏறத்தாழச் சமமாக வர வேண்டும். வரிசையாக 132.0, 127.5, 140.0, 135.5 என்று போனால், அளந்தவர் கண்ணால் தோராயமாக எடுத்திருக்கிறார் என்று பொருள். ஒருமுறை அறுபது குழந்தைகளின் பக்கம் ஒன்றில் 0க்கும் 5க்கும் வெளியே ஓர் இலக்கமும் இல்லாததைக் கண்டேன். அந்தப் பக்கத்தை வைத்துச் சதவீதம் போட எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் எல்லோரையும் மறுபடி அளந்தோம்.

அடுத்தது வயது. நம் பேச்சில் "பத்து முடிந்து பதினொன்று நடக்கிறது" என்போம். சிலர் பதிவேட்டில் பத்து என்று எழுதுவார்கள், சிலர் பதினொன்று என்று எழுதுவார்கள். அட்டவணைகளோ மாதக் கணக்கில் போகின்றன. 10 வயதுப் பையனுக்கு 18.5 என்ற எல்லை, 11 வயதில் 19.2 ஆகிவிடுகிறது, இடையில் உள்ள 0.7 ஒரு குழந்தையை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளப் போதுமானது. பிறந்த தேதியையும் அளந்த தேதியையும் எழுதுங்கள், வயதைக் கணினி கணக்கிடட்டும். உலக சுகாதார நிறுவனம் இலவசமாகத் தரும் மென்பொருள், தேதிகளையும் அளவுகளையும் கொடுத்தால் திட்டவிலக்க மதிப்பையே தந்துவிடும்.

சரி, எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டோம்; இந்த எண் கொழுப்பைத்தான் காட்டுகிறதா? நேரடியாக இல்லை. எலும்பு, தசை, நீர், கொழுப்பு எல்லாம் சேர்ந்த எடை அது. அதிகத் துல்லியமான முறைகளோடு ஒப்பிட்டுப் பார்த்த 37 ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளிவந்த ஒரு கணக்கு, இதன் பலத்தையும் பலவீனத்தையும் சேர்த்தே சொல்கிறது. அதிகக் கொழுப்பு இல்லாத குழந்தைகளில் 93 சதவீதம் பேரை பி.எம்.ஐ. சரியாக ஒதுக்கிவிடுகிறது. அதிகக் கொழுப்பு உள்ள குழந்தைகளிலோ 73 சதவீதம் பேரைத்தான் பிடிக்கிறது. பருமன் என்று அது கைகாட்டினால் பெரும்பாலும் உண்மைதான். இயல்பு என்று சொல்லும்போதோ, உண்மையில் கொழுப்பு மிகுந்த குழந்தைகளில் நாலில் ஒன்றுக்கும் மேல் கைநழுவிப் போகிறது. கைகால்கள் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய குழந்தை இப்படி நழுவும். தெற்காசிய வம்சாவளிக் குழந்தைகளுக்கு, அதே பி.எம்.ஐ. உள்ள ஐரோப்பிய வம்சாவளிக் குழந்தைகளைவிடக் கொழுப்பின் பங்கு அதிகமாக இருப்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

பருவமடையும் வயதில் இன்னொரு குழப்பம் வரும். பெண் குழந்தைகளுக்கு அந்தச் சமயத்தில் கொழுப்பு கூடுவது இயல்பு. ஆண் குழந்தைகளுக்குத் தசை கூடுகிறது. ஒரே வகுப்பில் ஒரே வயதுள்ள இரண்டு பெண்களில் ஒருத்தி பருவமடைந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கும், மற்றவளுக்கு இன்னும் தொடங்கியே இருக்காது. அட்டவணை இருவரையும் ஒரே கோட்டில் வைத்துத்தான் பார்க்கும். மருத்துவர் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த ஓட்டையை அடைக்க, இரண்டாவதாக ஓர் அளவு எடுக்க முடியும் என்றால் வயிற்றுச் சுற்றளவை எடுங்கள். உடலுக்குக் கேடு அதிகம் செய்வது தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பைவிட, வயிற்றுக்குள் குடலையும் கல்லீரலையும் சூழ்ந்திருக்கும் கொழுப்புதான். கடைசி விலா எலும்பின் கீழ் ஓரத்தையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தொட்டுக் கண்டுபிடித்து, இரண்டுக்கும் நடுவில் நாடாவைச் சுற்ற வேண்டும். நாடா தரைக்கு இணையாக இருக்கட்டும். தோலில் படிய வேண்டும், அழுந்தக் கூடாது. குழந்தை இயல்பாக மூச்சை வெளிவிட்ட கணத்தில் படிக்க வேண்டும். "மூச்சை விடு" என்று சொன்னால் வயிற்றை எக்கிக்கொள்வார்கள். பெயரைச் சொல்லச் சொல்லுங்கள், பேசி முடிக்கும்போது மூச்சு தானாக வெளியே வந்திருக்கும். தொப்புளை அடையாளமாக வைத்துச் சுற்றுபவர்கள் உண்டு. பருமனான குழந்தைக்குத் தொப்புள் கீழே இறங்கியிருக்கும் என்பதால் நான் அதை ஏற்பதில்லை.

வயிற்றுச் சுற்றளவுக்கும் வயதுவாரியான அட்டவணைகள் இருக்கின்றன; ஆனால் அவை நாட்டுக்கு நாடு மாறுபடுகின்றன. அதைவிட எளிய வழி, சுற்றளவை உயரத்தால் வகுப்பது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022இல் தந்த வழிகாட்டுதலின்படி, 5 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த விகிதம் 0.4 முதல் 0.49 வரை இருந்தால் நல்லது, 0.5 முதல் 0.59 வரை இருந்தால் ஆபத்து கூடுகிறது, 0.6ஐத் தொட்டால் அதிகம். வயது, பாலினம் என்று எந்த அட்டவணையும் தேவையில்லை. நாம் பார்த்த 138 சென்டிமீட்டர் பையனின் வயிறு 69 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். நாடாகூட இல்லாத இடத்தில், குழந்தையின் உயரத்துக்கு ஒரு நூலை வெட்டி, இரண்டாக மடித்து வயிற்றில் சுற்றிப் பாருங்கள். முனைகள் சேராமல் இடைவெளி விழுந்தால் மருத்துவரிடம் அனுப்பலாம்.

தோல்மடிப்பை நான் பள்ளிக்குப் பரிந்துரைக்க மாட்டேன். மேற்கையின் பின்புறத்திலும் தோள்பட்டை எலும்பின் கீழும் தோலையும் அடிக்கொழுப்பையும் விரலால் பிடித்துத் தூக்கி, கேலிப்பர் என்ற இடுக்கி போன்ற கருவியால் அளக்கும் முறை அது. ஆய்வுக்கு அருமையானது. ஆனால் ஒருவர் பிடிப்பதற்கும் இன்னொருவர் பிடிப்பதற்கும் வித்தியாசம் அதிகம், பருமன் கூடக்கூட மடிப்பைப் பிடிப்பதே கடினம், குழந்தைக்கும் கூச்சம். மின்னோட்டத்தைச் செலுத்திக் கொழுப்புச் சதவீதம் காட்டும் இயந்திரங்கள், குழந்தை எவ்வளவு தண்ணீர் குடித்திருக்கிறது, விளையாடி வியர்த்திருக்கிறதா என்பதைப் பொறுத்தெல்லாம் வேறு வேறு எண் சொல்லும். கழுத்துச் சுற்றளவு பற்றியும் ஆய்வுகள் வருகின்றன, எடுக்க எளிது, உடையைத் தொட வேண்டியதில்லை. ஆனால் எல்லோரும் ஒப்புக்கொண்ட எல்லைகள் அதற்கு இன்னும் அமையவில்லை.

ஓர் ஆண்டின் எண்ணைவிட மூன்று ஆண்டுகளின் எண்கள் அதிகம் பேசும். எப்போதும் கொஞ்சம் பூசினாற்போல் இருந்து, தன் கோட்டை ஒட்டியே வளரும் குழந்தையைப் பற்றி நான் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. நடுக்கோட்டில் இருந்த குழந்தை இரண்டே ஆண்டுகளில் மேல் கோட்டுக்குப் போயிருந்தால், அதன் எண் இன்னும் எல்லையைத் தாண்டாவிட்டாலும், அந்தக் குடும்பத்தோடு பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. எல்லை தாண்டியவர்களின் பட்டியல் மட்டும் எடுக்கும் பள்ளி இந்தக் குழந்தையைக் காணாது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வளர்ச்சிக் கோட்டை வரைந்து வைத்திருக்கும் பள்ளியே காணும்.

அந்தக் கோட்டில் இன்னொன்றும் தெரியும். அதிகம் சாப்பிட்டு, குறைவாக ஓடிப் பருமனான குழந்தை பெரும்பாலும் தன் வயதுக் குழந்தைகளைவிட உயரமாகவே இருக்கும். எடை ஏறிக்கொண்டிருக்க, உயரம் மட்டும் நின்றுபோன குழந்தையைப் பார்த்தால் தாமதிக்காதீர்கள். தைராய்டு போன்ற சுரப்பிகளின் கோளாறு பின்னால் இருக்கலாம். பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட்டுப் போல் தடித்த கருமை இருந்தால் அது அழுக்கல்ல. இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம். தேய்த்துக் குளிக்கவில்லை என்று அந்தக் குழந்தையைத் திட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். உரத்த குறட்டை, வகுப்பில் தூங்கி விழுவது, முழங்கால் அல்லது இடுப்பு வலி, குடும்பத்தில் சர்க்கரை நோய் ஆகியவற்றையும் மருத்துவருக்கு எழுதும் சீட்டில் குறிப்பிடுங்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் சோதனைகள் அவர் பொறுப்பு.

இனி சொல்லப் போவதை ஒரு காட்சியாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதை நான் மறக்கவில்லை. ஒரு பள்ளி வராந்தாவில் வரிசை. உதவிக்கு வந்தவர் எடையை உரக்கப் படிக்க, இன்னொருவர் மேசையில் எழுதுகிறார். பதினொரு வயதுப் பெண் ஒருத்தி ஏறினாள். எண்ணைக் கேட்டதும் வரிசையில் சிரிப்பு. அவள் இறங்கவில்லை, தான் சரியாக நிற்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, கால்களை நகர்த்தி வைத்து, மறுபடி பார்க்கச் சொன்னாள். அடுத்த ஆண்டு அளவெடுப்பு நாளில் அவள் பள்ளிக்கு வரவில்லை. யாரை அளக்க வேண்டும் என்று அந்த ஏற்பாடு செய்யப்பட்டதோ, அவளே பதிவேட்டிலிருந்து போய்விட்டாள். அன்றிலிருந்து நான் பயிற்சி தரும் இடங்களில் எண்ணை வாயால் சொல்ல விடுவதில்லை. திரை மறைவில், ஒரு நேரத்தில் ஒரு குழந்தை. பெண் குழந்தைகளுக்குப் பெண்ணே அளப்பார். எண்ணைப் பார்ப்பவரே எழுதுவார். அளக்க வேண்டாம் என்று குழந்தையோ பெற்றோரோ சொன்னால் விட்டுவிட வேண்டும்.

இது மனிதாபிமானத்துக்காக மட்டும் சொல்வதல்ல. சிங்கப்பூரில் 1992இல் தொடங்கிய ஒரு பள்ளித் திட்டம், எடை கூடிய மாணவர்களைத் தனியாகப் பிரித்து உடற்பயிற்சி செய்ய வைத்தது. குழந்தைகள் கேலிக்கு ஆளாகிறார்கள் என்ற குறை எழுந்தது. 2007இல் அது நிறுத்தப்பட்டு, எல்லா மாணவர்களுக்குமான திட்டமாக மாற்றப்பட்டது. கலிபோர்னியாவில் 79 பள்ளிகளில் நடந்த ஆய்வொன்று, பி.எம்.ஐ. அறிக்கையைப் பெற்றோருக்கு அனுப்புவதால் மட்டும் குழந்தைகளின் எடையில் மாற்றம் வரவில்லை என்றும், பள்ளியில் அளக்கப்பட்ட குழந்தைகளுக்குத் தங்கள் உடல் மீதான அதிருப்தி கூடியது என்றும் கண்டது. அளந்து, எண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேறொன்றும் செய்யாமல் இருக்கப் போகிறீர்கள் என்றால், அளக்காமல் இருப்பதே மேல் என்பேன். அனுப்பும் இடத்தில் மருத்துவர் இருக்கிறாரா, விளையாட்டு நேரம் உண்மையிலேயே விளையாட்டுக்குக் கிடைக்கிறதா, பள்ளி வளாகத்தில் இனிப்புப் பானம் விற்கப்படுகிறதா ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

பெற்றோருக்குச் சொல்லும்போது "உங்கள் பிள்ளை பருமன்" என்று எழுதாதீர்கள். "இந்த அளவு அவன் வயதுக்கு எதிர்பார்ப்பதைவிடக் கூடுதலாக இருக்கிறது, ஒருமுறை மருத்துவரிடம் காட்டுங்கள்" என்பதே போதும். உறையை ஒட்டி, பிள்ளையின் கையில் கொடுக்காமல் பெற்றோரிடம் நேராகச் சேர்க்க வேண்டும். "உயரம் போடும்போது சதை இழுத்துக்கொள்ளும்" என்று பலர் பதில் சொல்வார்கள். சில குழந்தைகளுக்கு அது நடக்கிறது. ஆனால் தானாக நடக்கும் என்று காத்திருப்பதை அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2023 வழிகாட்டுதல் ஏற்கவில்லை. அந்தப் பேச்சில் உள்ள நியாயமான பகுதியைப் பிடித்துக்கொண்டு பெற்றோரிடம் பேசலாம்: வளரும் குழந்தைக்குப் பெரும்பாலும் எடையைக் குறைக்க வேண்டிய தேவையே இல்லை, ஏறும் வேகத்தைக் குறைத்தால் போதும். பட்டினி போடுவதோ பெரியவர்களின் உணவுக் கட்டுப்பாட்டை மேலே ஏற்றுவதோ கூடாது.

நம் 10 வயதுப் பையனையே மறுபடி பார்ப்போம். 138 சென்டிமீட்டர், 36 கிலோ, 18.9. ஓர் ஆண்டு கழித்து அவன் 143 சென்டிமீட்டராக வளர்ந்திருக்கிறான். தினமும் ஒரு மணி நேரமாவது ஓடி ஆடியிருக்கிறான், இனிப்புப் பானம் வீட்டிலிருந்து போயிருக்கிறது, இரவுத் தூக்கம் நேரத்துக்கு வருகிறது. எடையும் இரண்டு கிலோ ஏறி 38 ஆகியிருக்கிறது. 1.43ஐ அதே எண்ணால் பெருக்கினால் 2.0449, 38ஐ அதனால் வகுத்தால் 18.6. பதினொரு வயதின் எல்லை 19.2. ஒரு கிலோகூடக் குறையாமலே அவன் கோட்டுக்குக் கீழே வந்துவிட்டான், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றபடி.